விளக்கு வைக்கும் முன் ஒரு கை கிளிஞ்சல்

போன வாரம் காரைக்குடியில் புதிதாகத் திறந்திருக்கிற பெரிய கடை ஒன்றுக்கு முட்டை வாங்கப் போயிருந்தேன். ஏசி போட்ட கடை. முட்டைக்கென்று தனி அலமாரி. ஒவ்வொரு அட்டைப் பெட்டி மேலும் ஒமேகா, வைட்டமின் டி, வைட்டமின் ஈ, செலினியம் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. இதைச் சமைத்துச் சாப்பிட வேண்டுமா, வேளைக்கு ஒன்றாக வெந்நீரில் விழுங்க வேண்டுமா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு பெட்டியைத் திறந்து, பழக்க தோஷத்தில் இரண்டு முட்டைகளை எடுத்துக் காதோரம் வைத்து ஒன்றோடு ஒன்று மெல்லத் தட்டினேன்.

சீருடை போட்ட பெண் பிள்ளை ஓடி வந்தாள். "அம்மா, அதெல்லாம் கம்பெனி முட்டை. தட்டாதீக. உடைஞ்சா நீங்கதான் வாங்கணும்."

"தட்டி உடையிறது முட்டையே இல்லத்தா" என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் பயம் கொஞ்சம், பரிதாபம் கொஞ்சம் இருந்தது. பெட்டியை மூடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த 'டிக்' சத்தம் கூடவே ஆட்டோவில் ஏறி வீடு வரைக்கும் வந்தது.

நல்ல ஓடு உள்ள இரண்டு முட்டைகளைத் தட்டினால் இரண்டு சின்னக் கூழாங்கல் மோதுகிற மாதிரி 'டிக்' என்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொப்' என்று மந்தமாக விழும். இதை எனக்குக் காட்டித்தந்தது எங்கள் மதினி. பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே, கையைக்கூடப் பார்க்காமல், தட்டு தட்டாகத் தட்டிப் பிரித்துப் போடுவார். நடுவில் பேச்சு நின்றால் 'டொப்' வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பெயர் வள்ளி. நெற்குப்பைப் பக்கத்துப் பெண். அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தார். ஒரு தடவை விடுமுறைக்கு வந்தவர், நாமக்கல்லில் சிநேகிதன் வைத்திருந்த கோழிப்பண்ணையைப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் அயல்நாடே வேண்டாம், முட்டைதான் என்று முடிவு கட்டினார். குன்றக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் கிடந்த மேட்டு நிலத்தில் கொட்டகை எழும்பியது. தரையில் உமியைப் பரப்பி, வெள்ளைக் கோழிகளை இறக்கினார்கள். அண்ணனுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. இறகு பறந்து வந்து மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மினார். கோழிகள் முதல் முட்டை போடுவதற்குள் மறுபடி விசா வந்துவிட்டது. "பாத்துக்க வள்ளி" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். எங்கள் பக்கத்து ஆண்கள் இந்த 'பாத்துக்க' என்ற ஒரு சொல்லில் எத்தனை பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இதில் வேடிக்கை, மதினிக்குக் கோழி என்றாலே பயம். ஆரம்பத்தில் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டுதான் கொட்டகைக்குள் போவார். கோழிகள் குடையைக் கொத்தும். மதினி உள்ளிருந்து முருகனைக் கூப்பிடுவார். நான் வெளியே நின்று சிரிப்பேன். பிறகு குடை போய் வெறும் முறமாயிற்று, முறம் போய் வெறும் கையாயிற்று. முட்டை வரத் தொடங்கிய சமயத்தில், மதினி அங்குட்டு நடந்தால் கோழிகளும் அங்குட்டு, இங்குட்டு திரும்பினால் அவையும் இங்குட்டு.

ஒரு நாள் முட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாப்பா, கல்யாணமாகி வந்து இத்தனை வருசத்துல என்னையத் தேடி இந்த வாசல்ல ஒரு ஆள் வந்ததில்ல. உங்கண்ணனத் தேடி வருவாக, அத்தையத் தேடி வருவாக. இப்ப முட்டைக்கார வள்ளி இருக்காகளான்னு கேட்டு வாராக." சொல்லிவிட்டு இரண்டு முட்டையை எடுத்து 'டிக்' என்று தட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையை நான் வெறும் கொட்டகையாக நினைத்ததில்லை.

அப்போது நான் காரைக்குடியில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். அந்தக் கடைக்கு ஒரு வாசம் உண்டு. ஈஸ்ட் நொதித்த புளிப்பு, வைட்டமின் மாத்திரையின் குமட்டல், பினாயில், அத்தனைக்கும் மேலே முதலாளி ஏற்றி வைக்கிற சந்தன ஊதுபத்தி. இன்றைக்கும் வைட்டமின் பி மாத்திரை டப்பாவைத் திறந்தால் அந்தக் கடையின் கல்லாப் பக்கம் போய் நின்றுவிடுகிறேன். மாட்டுக்கு, ஆட்டுக்கு, கோழிக்கு என்று விதவிதமான டானிக். வேலை இல்லாத நேரத்தில் லேபிள்களைப் படிப்பேன். படித்துப் படித்து வீட்டில் நான் பாதி டாக்டர் ஆகிவிட்டேன். மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை.

புதிதாக எந்தப் பாட்டில் வந்தாலும் ஒன்று எங்கள் கொட்டகைக்குப் போய்விடும். லிவர் டானிக் தண்ணீரில், வைட்டமின் பவுடர் தீவனத்தில், கால்சியம் திரவம் காலையில் ஒரு மூடி. எங்கள் வீட்டு மனிதர்கள் காய்ச்சல் வந்தால் கசாயம் குடித்தார்கள்; கோழிகள் இறக்குமதிச் சரக்கு குடித்தன. அம்மா சொல்வாள், "கோழிக்கு ஊத்துறதுல ஒரு மூடி எனக்கும் ஊத்துடி, முட்டி வலியாவது போகுதான்னு பாப்போம்."

லேபிளில் 'மஞ்சள் கருவுக்கு நிறம்' என்று ஒன்று போட்டிருந்தது. உள்ளே என்ன என்று படித்தால் செண்டுமல்லிப் பூவின் சாறு. அடடா, பூவையே போட்டால் என்ன என்று தோன்றியது. கடைக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்தால் மூலையில் செண்டுமல்லி குவிந்து கிடக்கும். பை நிறையக் கொண்டுவருவேன். அம்மா வாசலிலேயே மறித்துப் பையைக் கொட்டிப் பார்ப்பாள். கோயில் மாலை கலந்திருக்கக் கூடாது. சாமிக்குப் போட்டதைக் கோழி மிதிக்கக் கூடாது. "கல்யாண மாலைய மட்டும் மிதிக்கலாமா?" என்று கேட்டேன். "அதை மாப்பிளயும் பொண்ணுமே மறுநா மிதிச்சிருவாக, போ" என்றாள். அம்மாவின் சட்டங்கள் இப்படித்தான். காரணம் கேட்டால் உடனே ஒன்று வரும். எதிர்த்துப் பேச இடம் இருக்காது.

பூவைக் காயவைத்து நுணுக்கிப் போட்டதில் மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. காரைக்குடியில் பேக்கரி வைத்திருந்த காதர் பாய்தான் எங்கள் பெரிய வாடிக்கை. உடைத்து ஊற்றிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, கலர் பொடியே வேணாம் போலருக்கே தங்கச்சி" என்றார். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து புரதம் என்று ஆரம்பித்தேன். தொண்டியிலிருந்து வருகிற கருவாட்டுத் தூள் மலிவாகக் கிடைத்தது. கொஞ்சம் கலந்தால் நல்லது என்று எங்கோ படித்ததை, நிறையக் கலந்தால் நிறைய நல்லது என்று நானாகத் திருத்திக்கொண்டேன். காதர் பாய் மதினியின் செல்லுக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி, என் கேக்குல நெத்திலி வாசம் வருதும்மா. பொறந்தநா கேக்கு வெட்டுன பிள்ள மூக்கப் பொத்திக்கிட்டு அழுகுது." மதினி என்னைத் திட்டவில்லை. கருவாட்டு மூட்டையைத் தூக்கிப்போய்த் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்து, "அடுத்து என்ன செய்யலாம்னு சொல்லு" என்றார். அவர் சுபாவமே அதுதான். நடந்ததைப் பேச அவருக்கு நேரம் கிடையாது.

உண்மையான சோதனை பங்குனி வெயிலோடு வந்தது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை அகட்டிக்கொண்டு நின்றன. தீவனத்தைத் தொடவில்லை, தண்ணீராகக் குடித்தன. முட்டை ஓடு மெலிய ஆரம்பித்தது. எடுக்கும்போதே விரல் உள்ளே போயிற்று. சில நாள் ஓடே இல்லாத தோல்முட்டை, கையில் தண்ணீர்ப் பை மாதிரி குழைந்தது. மதினி தட்டிப் பார்க்கிற சத்தமே மாறிவிட்டது. எங்கு பார்த்தாலும் டொப், டொப். காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் தட்டுகளின் அடியில் ஒழுகி, மொபெட்டின் பின் சீட்டெல்லாம் பிசுபிசுத்து ஈ மொய்த்தது.

காதர் பாய் நல்ல மனிதர். நல்ல மனிதராலும் உடைந்த முட்டையை வைத்துக் கடை நடத்த முடியாதில்லையா? "வைகாசி கடைசி வரைக்கும் பாக்குறேன் தங்கச்சி. அதுக்கு மேல நாமக்கல் லாரிக்காரன்கிட்ட சொல்லிருவேன். கோவிச்சுக்கக் கூடாது." அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். அவருக்கு அங்கே விடுமுறை. விடுமுறை நாளில் மனிதர்களுக்கு யோசனைகள் அதிகம் வரும். "எதுக்கு இந்தக் கஷ்டம்? ஆனி பொறக்கவும் அம்புட்டயும் கறிக்கு வித்துரு வள்ளி. கொட்டகையக் குடோனுக்கு விட்டுருவோம்."

அவரே ஏற்பாடும் செய்து, கழித்துக்கட்டுகிற கோழியை வாங்குகிற வியாபாரி ஒருவரை அனுப்பிவிட்டார். அந்த ஆள் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, நெஞ்சு இறகை ஊதிப் பார்த்தார். மதினி போய் அவர் கையிலிருந்து கோழியை வாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"இது முட்டைக் கோழிண்ணே. கறிக்கில்ல."

"சார்தான் சொன்னாக..."

"அவுக அங்க இருக்காக. கோழி இங்க இருக்கு."

அந்த ஆள் போய்விட்டார். மதினி அந்தக் கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே மற்றக் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தார்.

கால்நடை மருத்துவமனைக்கு அப்போது புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயது, நாமக்கல் பெண். மருந்து வாங்கக் கடைக்கு வருவார். பிடித்துக்கொண்டேன். ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகையைப் பார்த்தார். என் டானிக் பாட்டில்கள் வரிசையாக நின்ற அலமாரியைப் பார்த்துவிட்டு, "இங்க கோழி வளக்கறீங்களா, மருந்துக் கடை நடத்தறீங்களா?" என்று கேட்டார். அப்புறம் ஓர் உமித் துரும்பை எடுத்துத் தரையில் கோடு போட்டு விளக்கினார்.

"கோழி முட்டை போடறது காலைலங்க. ஆனா ஓடு கட்டறது ராத்திரி. நாம தூங்கறப்ப அது உள்ள கொத்தனார் வேலை பாத்துட்டு இருக்கும். நீங்க காலைல தர்ற டானிக்கும் பவுடரும் பொழுது சாயறதுக்குள்ள வயித்த விட்டுப் போயிருமுங்க. ராத்திரி சுண்ணாம்புக்கு அது எங்க போகும்? தன் எலும்பத்தான் கரைக்கும். கிளிஞ்சலை நொய் மாதிரி உடைச்சு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தனித் தொட்டில போடுங்க. வயித்துல கல்லாட்டம் கிடந்து ராத்திரியெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா கரையும். அது போதுமுங்க."

தன் எலும்பைத்தான் கரைக்கும் என்ற வார்த்தையைக் கேட்டதும் மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாளே தொண்டியிலிருந்து கிளிஞ்சல் மூட்டை வந்தது. ஈரம் படக் கூடாதென்று வீட்டுக்குள் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஆனால் சாயங்காலம் மதினி வீட்டில் இருக்க மாட்டார். வெயில் தாழ்ந்ததும் மொபெட்டில் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார். நானும் கடையிலிருந்து வரும் நேரம் அதுதான். ஆகவே சாயங்காலக் கிளிஞ்சல் அம்மாவின் பொறுப்பாயிற்று. "பொழுது சாயவும் போட்ருங்க அத்தை" என்றார் மதினி. அம்மா தலையாட்டினாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மா தலையாட்டினால் 'சரி' என்று அர்த்தமில்லை. 'காதில் விழுந்தது' என்றுதான் அர்த்தம். இந்த வித்தியாசம் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்களை எச்சரிக்க ஆள் இல்லை.

நாட்கள் போயின. ஓடு கெட்டிப்படவில்லை. நான் தீவனக் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வயல் டிராக்டரின் சத்தத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். நாமக்கல் டாக்டரம்மாவுக்கு எங்கள் ஊர்க் கோழியைப் பற்றி என்ன தெரியும் என்றும் ஒரு நாள் பேசிவிட்டேன். மதினி யாரையும் எதையும் சொல்லவில்லை. கொட்டகையின் இரண்டு பக்கமும் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார். கூரை மேல் தென்னங்கீற்றைப் பரப்பினார். "அந்தப் பிள்ள சொன்னது சரிதான் பாப்பா. நம்மதான் எங்கயோ விட்டுட்டோம்" என்பார். வைகாசி கரைந்துகொண்டிருந்தது. அவரும் கூடவே மெலிந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் காரைக்குடியில் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். முதலாளி கடையைச் சீக்கிரம் சாத்த, நான் முந்தின பஸ்ஸைப் பிடித்து வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றுமுன் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். கிளிஞ்சல் தொட்டி காலி. பத்துப் பதினைந்து கோழிகள் அதைச் சுற்றி நின்று அலகால் வெறும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

உள்ளே ஓடினேன். அம்மா முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாடத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள்.

"அம்மா, கோழிக்குக் கிளிஞ்சல் போடலயா?"

"போட்டாச்சு போட்டாச்சு. உச்சிக்கே போட்டாச்சு. உங்க மதினி சோத்துக்கு உக்காந்த நேரத்துல."

"சாயங்காலம்ல போடச் சொன்னோம்!"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுச் சுண்ணாம்ப வெளிய எடுத்துக் குடுக்கச் சொல்றியா? நல்லாப் படிச்சடி. உப்பும் சுண்ணாம்பும் அந்நேரம் வாசப்படி தாண்டுனா பின்னாலயே லெச்சுமியும் தாண்டிருவா."

உச்சி வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற கோழி கிளிஞ்சலையா பார்க்கும்? காலால் கிளறி உமிக்குள் சிந்திவிட்டிருக்கிறது. பசி எடுக்கிற சாயங்காலத்தில் தகரத்தைத் தட்டிவிட்டு, ராத்திரி தன் எலும்பைக் கரைத்திருக்கிறது.

"அது கிளிஞ்சல்மா. சுண்ணாம்பு இல்ல."

"கிளிஞ்சலச் சுட்டு நீத்துனா என்ன வரும்? வெண்ணெயா வரும்?"

"சரி, மூட்டையக் கொட்டகையிலயே வச்சிருவோம்."

"கொட்டகை மட்டும் அடுத்தவுக வீடா?"

"கோழி நம்ம கோழிதானம்மா! நம்ம கோழிக்குத்தான குடுக்குறோம். வெளியாளுக்கா குடுக்குறோம்?"

அம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். அப்போது அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஆனி பொறக்கவும் வித்துருன்னு உங்கண்ணன் வெள்ளிக்கு வெள்ளி சொல்றான். விக்கப்போற கோழி வெளியாள்தான். அடுத்தவுக வீட்டுக்குப் போறதுக்கு நம்ம வீட்டுச் சுண்ணாம்ப அந்நேரம் எதுக்குடி குடுக்கணும்?"

வாசலில் மொபெட் நின்றிருந்தது எங்களுக்குத் தெரியாது. அன்றைக்குக் காதர் பாய் தட்டுகளில் பாதியைத் திருப்பிவிட்டதால் மதினி சீக்கிரம் வந்துவிட்டார். பிசுபிசுத்த தட்டுகளைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். மதினி தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்றார்.

"விக்க மாட்டேன் அத்தை."

"அவன் சொல்றானே?"

"அவுகட்ட நான் சொல்லிக்கிறேன். இந்தக் கோழிக முட்டை விட்டு ஓயிற வரைக்கும் இந்த வீட்டை விட்டுப் போகாது. நானும் விட மாட்டேன். குடுக்குற சுண்ணாம்பும் எங்கயும் போகல அத்தை. காலைல முட்டையாக் கூடையில திரும்பி வந்துருது. எண்ணி வாங்கிக்கங்க."

அம்மா மருமகள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "நெசமா விக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப அது நம்ம வீட்டுக் கோழி" என்றாள் அம்மா, ஒரு தீர்ப்பு சொல்கிற மாதிரி. "போ. போய்ப் போடு. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும், நீ போட்டு முடிச்சப்பறம் விளக்கேத்துறேன். லெச்சுமிக்கும் சங்கடம் வேணாம், கோழிக்கும் சங்கடம் வேணாம்."

எங்கள் அம்மா எனக்குத் தெரிந்து விளக்கேற்றத் தாமதித்ததே கிடையாது. வீட்டில் சண்டை நடந்தாலும், விருந்தாள் வந்து நின்றாலும், பொழுது சாய்ந்தால் அந்தத் தீக்குச்சி உரசிவிடும். அப்படிப்பட்டவள் அன்றைக்குத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாடத்துக்கு முன்னால் நின்றாள். மதினி முறத்தில் கிளிஞ்சலை அள்ளிக்கொண்டு ஓடினார். தகரத் தொட்டியில் அது சலசலவென்று விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. கோழிகள் பாய்ந்து விழுகிற சத்தமும் கேட்டது.

"போட்டியா வள்ளி? ஏத்தவா?" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏத்துங்க அத்தை!" என்று கொட்டகையிலிருந்து பதில் வந்தது. குச்சி உரசியது.

மறுநாளிலிருந்து மதினி நேரத்தை மாற்றிக்கொண்டார். விடியற்காலையில், காதர் பாய் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்துக்கே காரைக்குடி போய் வந்துவிடுவார். சாயங்காலம் கொட்டகை. அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தபோது அம்மாவே செல்லைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏப்பா, அந்தக் கோழிகளுக்கு விளக்கு வைக்கிற நேரத்துல சுண்ணாம்பு குடுத்தாச்சு. இனிமே விக்க முடியாது." அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா சொல்றீக?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. "விக்க முடியாதுன்னா முடியாது. சாப்பிட்டியா?" என்று பேச்சை முடித்துவிட்டாள். விவரத்தை மதினி அப்புறம் சாவகாசமாகச் சொன்னார். கடைசியில் "என்னையப் பாத்துக்கச் சொன்னீகல்ல? பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டார். அடுத்த வெள்ளியிலிருந்து அண்ணன் முட்டை விலையைத்தான் விசாரித்தார்.

ஓடு ஒரே நாளில் கெட்டிப்பட்டுவிடவில்லை. கதைகளில்தான் அப்படி நடக்கும். முதலில் தோல்முட்டை நின்றது. பிறகு விரல் பதிவது நின்றது. வைகாசி முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது, காலையில் மதினி என்னைக் கூப்பிட்டு என் காதுப் பக்கத்தில் இரண்டு முட்டைகளைத் தட்டினார். டிக். இன்னொரு ஜோடி. டிக். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, தனக்கும் தட்டச் சொல்லிக் காதைக் காட்டினாள். "திரும்பி வந்துருச்சுல்ல?" என்றாள், என்னவோ தானே கொடுத்தனுப்பிய மாதிரி. அன்றைக்கு மொபெட்டின் பின்னால் நானும் தொற்றிக்கொண்டு போனேன். காதர் பாய் ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார். உடையவில்லை. இன்னொரு முறை கொஞ்சம் பலமாகத் தட்டினார். "இதுக்கு அருவா வேணும் போல தங்கச்சி" என்றார். மதினி அங்கேயே அழுதுவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வெளியில் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகை வருஷக்கணக்கில் ஓடியது. ஒரு கூட்டம் ஓய்ந்தால் அடுத்த கூட்டம் வந்தது. வியாபாரி மதினி கூப்பிட்ட பிறகுதான் வருவார்; தலைகீழாகத் தூக்குவதில்லை. அண்ணன் ஊரோடு வந்துவிட்டார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் தட்டு ஏற்றிப் போகிற வேலை அவருடையது. ஆனால் சாயங்காலக் கிளிஞ்சல் மட்டும் மதினி கையால்தான். மழையோ வெயிலோ, "போட்டியா வள்ளி? ஏத்தவா?" என்று ஒரு குரலும், "ஏத்துங்க அத்தை!" என்று ஒரு குரலும். கல்யாணமாகிக் காரைக்குடியில் குடியிருந்த நான் ஊருக்குப் போனால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேரப் பார்ப்பேன்.

அம்மா இறந்து, காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த அன்று சாயங்காலம், அண்ணன் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போயிருக்க, வீட்டில் நானும் மதினியும்தான் இருந்தோம். மதினி முறத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தொட்டியில் கிளிஞ்சல் விழுந்தது. உடனேயே, "ஏத்துங்க அத்தை!" என்று உரக்கக் குரல் வந்தது. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் எழுந்துபோய் மாடத்தில் தடவித் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சி மூன்று தரம் அணைந்தது.

இப்போது அந்த மருந்துக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். காதர் பாயின் பிள்ளைகள் முட்டை போடாத கேக் செய்கிறார்களாம். தெருவுக்குத் தெரு நாமக்கல் லாரி வந்து நிற்கிறது. தீவனம் வாங்கினால் வைட்டமின், தாது உப்பு, கிளிஞ்சல் நொய் எல்லாம் அளந்து கலந்து ஒரே மூட்டையில் வந்துவிடுகிறது. சாயங்காலம் யாரும் எங்கும் ஓட வேண்டியதில்லை. போன வருஷம் மதினி கொட்டகையை மூடினார். யார் சொல்லியும் இல்லை. கடைசிக் கூட்டம் முட்டை விட்டு ஓய்ந்தது, தனக்கும் முட்டி ஓய்ந்தது, போதும் என்று அவரே முடிவு செய்தார். கிளிஞ்சல் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அந்தக் கம்பெனி முட்டையை வாங்கி வந்த அன்று சாயங்காலம் மதினிக்குப் போன் செய்தேன். பெட்டியில் அச்சடித்திருந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கட்டும்" என்றார். "சரி பாப்பா, விளக்கு வைக்கிற நேரம். வச்சிட்டு வாரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

வெளியே பார்த்தேன். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. அம்மா கிளிஞ்சலுக்காகக் காத்து நின்ற நாட்களில் இன்னும் சற்று இருட்டியிருக்கும். இப்போது ஊரில் எங்கள் வீட்டு விளக்கு யாருக்கும் காத்திராமல் நேரத்துக்கு ஏற்றப்பட்டுவிடுகிறது.